கையும் மூளையும் சேர்ந்து கற்கட்டும்

பொன்னேரியைச் சுற்றி வாழும் நமக்குத் தொழிற்சாலை புதிதல்ல. ஒருபுறம் கும்மிடிப்பூண்டி சிப்காட், மறுபுறம் அத்திப்பட்டு அனல்மின் நிலையம், எண்ணூரில் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளியில் இன்னொரு துறைமுகம். இவற்றின் நடுவில்தான் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். ஆனால் அந்த மதில்களுக்குள் ஒரு பொருளை யார் எண்ணுகிறார்கள், எப்படி வரைகிறார்கள், எப்படிச் செய்து பார்க்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் சிலர் ஒப்பந்தத் தொழிலாளராக அந்த வாசலுக்குள் நுழைகிறார்கள். சிலர் பொறியியல் கல்லூரிக்குப் போய், ஒரு பொருளைக்கூடத் தாமாகச் செய்து பார்க்காமலே பட்டத்தோடு திரும்புகிறார்கள். முன்னவருக்குக் கை மட்டும் போதும் என்றும், பின்னவருக்குத் தலை மட்டும் போதும் என்றும் நாமே முடிவு செய்துவிட்டோமோ?

இந்தப் பிரிவினை கல்லூரியில் தொடங்குவதில்லை. ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே அதற்கான மருந்தும் அங்கேதான் தொடங்க வேண்டும். நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் பொறியியல் வடிவமைப்பையும் டிஜிட்டல் கலைகளையும் கற்பிப்பது பற்றி உலகெங்கும் இன்று பேசப்படுகிறது. அது என்ன, நம் பிள்ளைகளுக்கு அது எதற்கு என்று சற்றே சிந்திப்போம்.

வடிவமைப்பு என்றால் என்ன?

பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. ஒருவருடைய தேவையைக் கவனிப்பது, அதற்கான தீர்வைத் தாளில் வரைவது, அட்டையிலோ மரத்திலோ மாதிரி செய்வது, அதைச் சோதிப்பது, குறை கண்டால் திருத்தி மறுபடி செய்வது. இவ்வளவுதான் வடிவமைப்பு.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பழவேற்காட்டிலிருந்து மீனும் நண்டும் எடுத்து வந்து விற்கும் பெண்களுக்கு வெயில்தான் பெரிய எதிரி. பனிக்கட்டி உருகினால் மீனின் விலை இறங்கிவிடும். "பனிக்கட்டி அதிக நேரம் தாங்கும் கூடை ஒன்றைச் செய்யுங்கள்" என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். ஒரே அளவுள்ள நான்கு பெட்டிகள். ஒன்றில் தெர்மாக்கோல், ஒன்றில் மரத்தூள், ஒன்றில் பனையோலைப் பின்னல், ஒன்றில் பழைய சாக்கு. ஒவ்வொன்றிலும் அரைக் கிலோ பனிக்கட்டி. அரை மணிக்கு ஒரு முறை உருகிய நீரை வடித்து அளக்க வேண்டும். அளவை வரைபடமாகப் போட வேண்டும்.

வெப்பம் கடத்தும் பாடம் இனி அவர்களுக்கு மறக்குமா? அதைவிட முக்கியமான ஒன்றையும் கற்றுக்கொள்வார்கள். தெர்மாக்கோல் குளிரைக் காக்கும். ஆனால் உடைந்து ஏரியில் மிதக்கும். மரத்தூள் நனைந்தால் பயன் குறையும். சாக்கு நாற்றமெடுக்கும். பழவேற்காட்டுப் பெண்கள் பின்னும் பனையோலைக் கூடை இலேசானது. ஆனால் நீர் ஒழுகும். எல்லாவற்றிலும் சிறந்த விடை என்று ஒன்றும் இல்லை. அந்த மீன்காரம்மாவிடமே கேட்டு, அவருக்கு எது தோதாக இருக்கும் என்று தேர்ந்துகொள்ள வேண்டும். புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை இல்லாத இத்தகைய கேள்விகளைத்தான் வாழ்க்கை நம் பிள்ளைகளிடம் கேட்கப் போகிறது.

டிஜிட்டல் கலை எதற்கு?

"ஏற்கெனவே எந்நேரமும் செல்போன்தான், இதில் கலை வேறா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஆனால் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு, திரையில் ஒன்றைப் படைப்பது வேறு. மேலே சொன்ன கூடையையே டிங்கர்கேட் என்னும் இலவச மென்பொருளில் முப்பரிமாணமாக வரையலாம். கிரிட்டா, இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருள்களில் அதற்கு விளக்கப்படம் தீட்டலாம். மீன் விற்கும் பெண்களைப் பேட்டி கண்டு இரண்டு நிமிடக் குறும்படம் எடுக்கலாம். பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரம் மணலால் அடைபடுவதை ஸ்கிராட்ச் கொண்டு அசைபடமாக்கலாம். தான் எண்ணியதை அடுத்தவருக்குப் புரியவைப்பதும் பொறியாளருடைய வேலையில் பாதி.

ஸ்கிராட்ச் நமக்கு அயலானதும் அல்ல. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'காட்சித் தொடர்பு' என்ற பாடத்தில் அது இடம்பெற்றுள்ளது. ஆனால் கணினியில் செய்து பார்க்க வேண்டிய அந்தப் பாடத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் எத்தனை பேர்!

கார்லோ அக்குத்திஸ் 2006-ஆம் ஆண்டு 15 வயதில் இறந்தவர். கணினி நிரலாக்கத்தைத் தாமாகவே கற்று, நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையதளம் அமைத்தார். 2025 செப்டம்பர் 7 அன்று திருஅவை அவரைப் புனிதராக அறிவித்தது. கணினியின் முன் அமரும் இளைஞர் எல்லாரும் வீணாய்ப் போகிறார்கள் என்று இனி நாம் சொல்ல இயலாது.

தமிழ் எழுத்தை வார்த்தவர்கள்

கலையும் பொறியியலும் கைகோப்பது நம் மண்ணுக்கு மிகப் பழைய செய்தி. இந்தியாவில் அச்சான முதல் தமிழ்ப் புத்தகம் 'தம்பிரான் வணக்கம்'. இயேசு சபைக் குரு என்றிக்கே என்றிக்கசின் முயற்சியில் 1578-இல் கொல்லத்தில் அச்சான 16 பக்க நூல் அது. அதற்கு முந்தைய ஆண்டு கோவாவில் வார்த்த தமிழ் எழுத்துகள் மனநிறைவு தரவில்லை. எனவே கொல்லத்தில் புதிதாக எழுத்துகளை வார்த்தார்கள். நூலின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வகை எழுத்துகளுக்கும் மாதிரி தந்திருக்கிறார்கள். செய்தார்கள், குறை கண்டார்கள், மறுபடி செய்தார்கள். பழையதை ஒளிக்கவும் இல்லை. வடிவமைப்புப் பாடம் முழுவதும் அந்த ஒரு பக்கத்தில் அடங்கிவிடுகிறது. எழுத்தின் வளைவை அறிந்த கண்ணும், உலோகத்தை அறிந்த கையும் சேர்ந்ததால்தான் தமிழ் அச்சேறியது.

நம் அச்சம் நியாயமானதா?

"ஆறாம் வகுப்பிலேயே தொழிலா? எங்கள் பிள்ளை படித்து முன்னேற வேண்டாமா?" என்ற கேள்வி எழும். இதை எளிதில் தள்ளிவிடக் கூடாது. 1953-இல் இராஜாஜி ஆட்சியில் வந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைக் கற்கலாம் என்றது. மக்கள் அதற்குக் 'குலக்கல்வி' என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பு முதல் தொழிற்கல்வி அனுபவம் என்று சொன்னபோது, தமிழ்நாட்டில் அந்தப் பழைய காயம்தான் மறுபடி வலித்தது. தலைமுறை தலைமுறையாய்க் கைவேலையோடு கட்டிவைக்கப்பட்ட தலித் மக்களுக்கும் மீனவ மக்களுக்கும் இந்த வலி நன்றாகத் தெரியும்.

ஆகவே வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்வோம். குலக்கல்வி, "உன் தந்தை செய்ததையே நீ செய்" என்றது. வடிவமைப்புக் கல்வி, "எவர் வீட்டுப் பிள்ளையானாலும் புதிதாக எண்ணிச் செய்" என்கிறது. இதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. முதலாவது, வகுப்பின் எல்லாப் பிள்ளைகளும் இதைக் கற்க வேண்டும். மதிப்பெண் குறைந்தவர்களை மட்டும் பிரித்து அனுப்பக் கூடாது. இரண்டாவது, பெண் பிள்ளைகள் கையிலும் சுத்தியலும் சால்டரிங் கருவியும் இருக்க வேண்டும். மூன்றாவது, கணிதமும் அறிவியலும் இதனால் குறையக் கூடாது, கூட வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் பழைய அநீதி புதிய பெயரில் திரும்பிவிடும்.

புனித தொன் போஸ்கோ இதை முன்பே உணர்ந்திருந்தார். தூரின் நகரில் வேலைக்குப் போன ஏழைச் சிறுவர்களுக்காக 1852-இல் முதலாளிகளோடு எழுத்துமூலம் ஒப்பந்தம் செய்தார். தொழிலைக் கற்றுத் தர வேண்டும், கைநீட்டக் கூடாது என்று அதில் எழுதவைத்தார். 1853-இல் தம் இல்லத்திலேயே செருப்புத் தைக்கவும் துணி தைக்கவும் பட்டறை தொடங்கினார். பின்னர் தச்சும் அச்சும் சேர்ந்தன. சென்னை கீழ்ப்பாக்கத்தில் சலேசியர் நடத்தும் 'சிகா' அச்சுத் தொழிற்கல்வி நிறுவனம் அந்த மரபில் வந்ததே. தொழிலோடு மாண்பையும் சேர்த்துக் கொடுப்பதே அவர் காட்டிய வழி.

நாம் செய்யக்கூடியவை

நடுவண் அரசின் அடல் புத்தாக்க இயக்கம் 2016 முதல் 6 முதல் 12 வகுப்பு வரையுள்ள பள்ளிகளுக்கு 'டிங்கரிங்' ஆய்வகம் அமைக்க 20 இலட்சம் ரூபாய் வரை உதவி அளித்துள்ளது. நாட்டில் 10,000 பள்ளிகள் பயன்பெற்றுள்ளன. அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 ஆய்வகங்கள் ஐந்தாண்டுகளில் அமையும் என்று 2025-இல் அறிவித்தார்கள். நம் பகுதிப் பள்ளியில் ஆய்வகம் உண்டா, அதன் கதவு திறக்கிறதா என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்போம். முப்பரிமாண அச்சுப்பொறி உறை பிரிக்காமல் பூட்டிக் கிடந்தால் யாருக்கு என்ன பயன்?

ஆய்வகம் இல்லாவிட்டாலும் அட்டை, கத்தரிக்கோல், அளவுகோல், ஒரு பழைய மடிக்கணினி போதும், தொடங்கிவிடலாம். நம் அன்பியங்களில் டர்னர், ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் இல்லாத அன்பியம் உண்டா? மாதம் ஒரு சனிக்கிழமை பங்கு மண்டபத்தில் அவர்கள் பிள்ளைகளுக்கு வழிகாட்டலாம். இளையோர் குழுவில் படத்தொகுப்பு அறிந்தவர் இருப்பார். அவர் டிஜிட்டல் கலையைச் சொல்லித் தரட்டும். "நான் வெறும் வெல்டர்தானே" என்று ஒதுங்கி நிற்கும் தந்தையை ஊர்ப் பிள்ளைகள் "சார்" என்று அழைக்கும் அந்த நாளில், அவருடைய மகனும் தன் தந்தையின் அறிவைப் புதிதாகக் காண்பான்.

நாசரேத்தின் தச்சரை மே முதல் நாளில் தொழிலாளரின் பாதுகாவலராகக் கொண்டாடும் நாம், உழைக்கும் கையைத் தாழ்வாக எண்ணலாமா? கும்மிடிப்பூண்டியின் வாசல்கள் நம் பிள்ளைகளுக்காகத் திறந்தே இருக்கின்றன. பிறர் எண்ணியதைச் சுமக்க மட்டும் அவர்கள் அதற்குள் போகாமல், தாமே எண்ணிப் படைக்கிறவர்களாகவும் போக, இன்றே அவர்கள் கையில் ஒரு பென்சிலையும் ஓர் அட்டையையும் கொடுப்போம்.