மாமரத்துக்கு மைதா கஞ்சி

வேலூர் மாவட்டம் குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வீட்டு மாமரத்து இலையெல்லாம் கரி பூசியதுபோல் கறுத்துக் கிடக்கிறது. டேனரிப் புகையாக இருக்குமோ?"

வேலூர்க்காரர்களுக்கு அந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். பாலாற்றை டேனரிக் கழிவு கெடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996இல் தீர்ப்பானது. ஆனால் இந்தக் கருப்பு புகையல்ல. இலையைத் தொட்டால் கை பிசுபிசுக்கும். நகத்தால் சுரண்டினால் மெல்லிய தாள்போல் உரியும். அடியில் இலை பச்சையாகவே இருக்கும். இது கரும்பூசணம்.

இந்தப் பூசணம் மரத்திடமிருந்து எதையுமே எடுப்பதில்லை. தை, மாசியில் பூங்கொத்துகளில் தத்துப்பூச்சி மொய்க்கிறதல்லவா, அது சாற்றை அளவுக்கு மீறி உறிஞ்சி, மிச்சத்தைச் சர்க்கரைத் துளியாகக் கழிக்கும். இலையில் விழும் அந்த இனிப்புதான் பூசணத்தின் சாப்பாடு. ஆனாலும் இலைமேல் படர்ந்து வெயிலை மறைப்பதால் மரம் இளைக்கிறது.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் இதற்குச் சொல்லும் மருந்துதான் எனக்கு மிகப் பிடித்தது. 1 கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, ஆறியதும் 20 லிட்டராக்கித் தெளிக்க வேண்டும். மைதா பசையில் ஒட்டிய சினிமா போஸ்டர் வெயிலில் சுருண்டு உரியும்போது சுவர்ச் சுண்ணாம்பையும் பெயர்த்துக்கொண்டு வருமே, அதே வேலைதான். கஞ்சி காய்ந்து ஏடாக உதிரும்போது பூசணத்தையும் இழுத்துக்கொண்டு விழும். அதற்குச் சுள்ளென்ற வெயில் வேண்டும். வேலூரில் அதற்குப் பஞ்சமில்லை. மேகமூட்டமான நாளில் மட்டும் தெளிக்காதீர்கள்.

கஞ்சி கறையைத்தான் எடுக்கும். பூச்சி இருக்கும்வரை கருப்பு திரும்பத் திரும்ப வரும். ஆனால் பலர் இலை கறுத்ததைப் பார்த்ததும் கடைக்கு ஓடி, கைக்குக் கிடைத்த பூச்சிமருந்தைப் பூத்த மரத்தில் அடிக்கிறார்கள். மனசு ஆறவில்லை எனக்கு. மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பவை ஈக்களும் தேனீக்களும். அவற்றைக் கொன்றுவிட்டுக் காய் பிடிக்கவில்லை என்று மரத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

தத்துப்பூச்சிக்கு அடர்ந்த நிழல்தான் பிடிக்கும். அறுவடை முடிந்து ஆவணி, புரட்டாசிக்குள் காய்ந்த கிளைகளையும் ஒன்றோடொன்று பின்னிய கிளைகளையும் கழித்து, நடுமரத்தில் வெயில் இறங்க வழி விடுங்கள். பூ மொட்டு கட்டும்போதே கொத்தைத் தட்டிப் பாருங்கள். பூச்சி தத்தினால், பூ விரியுமுன் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து, மாலையில் தெளியுங்கள்.