புது வண்டியை மாற்றப் போகிறீர்களா? பின்னால் இருப்பவரையும் கேளுங்கள்

சாய்ந்தமருதில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்குப் புது மோட்டார் சைக்கிள் ஒன்று வந்தது. மகனுக்கு வயது இருபத்தொன்று. வாப்பா கட்டாரில் வேலை. முற்பணத்தை அவர் அனுப்பினார், மிகுதி லீசிங். உம்மா பிஸ்மில்லாஹ் சொல்லி வண்டியை முற்றத்தில் ஏற்றினார். அயல் வீடுகளுக்குத் தொதல் போனது.

இரண்டு வாரங்கள் சென்றன. ஒருநாள் கல்முனை பஸாருக்குப் போவதற்காக உம்மா அபாயா அணிந்துகொண்டு வாசலுக்கு வந்தார். வண்டியில் ஏறப் பார்த்தால் பிடிப்பதற்குக் கம்பி இல்லை. கால் வைக்க மிதி இல்லை. பின் சில்லை மறைத்திருந்த கம்பித் தட்டும் இல்லை.

"மகன், இதுல இருந்த சாமானெல்லாம் எங்க?"

"கழட்டி வெச்சிட்டன் உம்மா. அது இருந்தா வடிவில்ல."

"அப்ப நான் எங்க கால வெக்கிற?"

மகனிடம் பதில் இல்லை. அன்று உம்மா ஓட்டோ பிடித்துத்தான் போனார்.

சகோதரிகளே, இது ஒரு வீட்டுக் கதை அல்ல. மருதமுனை முதல் நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரை, புது வண்டி வந்த பல வீடுகளில் நடப்பதுதான். அதனால்தான் ஆண்பிள்ளைகளின் கராஜ் பேச்சு என்று நாம் ஒதுக்கிவிடும் இந்த விஷயத்தைக் குடும்பப் பத்திரிகையில் எழுத நினைத்தேன்.

ஆசை குற்றமல்ல

தனக்கென்று ஒரு வண்டி வந்ததும் அதில் தன் கைவண்ணம் இருக்க வேண்டும் என்று இளைஞன் நினைப்பது இயல்பு. நாமும் புதுத் தையல் மெஷினுக்கு உறை தைக்கிறோம், புது வீட்டுக்குத் திரைச்சீலை தேடி அலைகிறோம். அதிலும் இந்தத் தலைமுறை நெடுநாள் காத்திருந்த தலைமுறை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் பழைய வண்டிகளே எட்டாத விலைக்கு விற்கப்பட்டன.

வசதியான நாடுகளில் இதே ஆசை ஸ்போர்ட்ஸ் கார்களின் மீது செல்கிறது. 1989இல் ஜப்பானின் மாஸ்டா கம்பனி அறிமுகப்படுத்திய எம்.எக்ஸ்-5 என்ற சிறிய இருவர் காரை, வாங்கியவர்கள் தங்கள் விருப்பப்படி மாற்றி அமைப்பது பெரிய பொழுதுபோக்காகவே வளர்ந்தது. ஆனால் அதில் அனுபவப்பட்டவர்களிடம் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் வண்டியை வந்தபடியே சில மாதங்கள் ஓட்டிப் பார்ப்பார்கள். அடுத்து நல்ல டயர், பிரேக் கட்டை, பிரேக் எண்ணெய். பிறகு சொக் எப்சோபர். எஞ்சினில் கை வைப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். அதாவது, வண்டியை நிறுத்தும் சக்தியைக் கூட்டிய பிறகுதான் ஓட்டும் சக்தியைக் கூட்டுவார்கள்.

நம் பிள்ளைகளின் ஒழுங்கு இதற்கு நேர்மாறு. முதல் நாளே சைலன்சர். பிறகு லைட். பிறகு பின்பக்கம் முழுவதையும் வெட்டுதல். பிரேக் பற்றிய பேச்சே இல்லை.

அந்தத் தட்டு யாருக்காக?

நம் வீதிகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து வருபவை. இந்தியாவின் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி ஒன்று உண்டு. பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளக் கைபிடி வேண்டும். கால் வைக்க மிதி வேண்டும். பின்னால் இருப்பவரின் உடை சில்லில் சிக்காதபடி பின் சில்லின் பாதிக்குக் குறையாத பகுதி மூடப்பட்டிருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. சாரி கார்ட் என்று நாம் அழைக்கும் அந்தத் தட்டு, சேலை கட்டிய பெண்ணை நினைத்து வைக்கப்பட்டது. அபாயாவும் ஷோலும் அணியும் நமக்கும் அதே தேவைதான்.

இந்த வண்டிகளில் சைலன்சர் வலப்பக்கம் இருக்கும். செயின் பெரும்பாலும் இடப்பக்கம். ஒருபக்கமாக அமரும் பெண்ணின் கால்கள் தொங்குவதும் இடப்பக்கம்தான். தட்டையும் செயின் கவரையும் கழற்றிவிட்டால், காற்றில் பறக்கும் துணிக்கும் சுற்றும் பற்சில்லுக்கும் நடுவில் எதுவுமே இல்லை. துணியின் ஒரு நுனி செயினில் பட்டால் போதும், அது கயிறு திரிப்பது போல் உள்ளே இழுத்துச் சுற்றிக்கொள்ளும். உடை பிய்ந்து வந்தால் அதிர்ஷ்டம். பிய்யாவிட்டால் இருப்பவர் பின்னால் இழுத்து விழுத்தப்படுவார். ஷோல் கழுத்தைச் சுற்றியிருந்தால் நிலைமை இன்னும் கொடியது. ஓட்டும் பிள்ளைக்கு இது கண்ணிலும் படாது.

பின் மட்கார்டைக் குறுக்கி நம்பர் பிளேட்டை மேலே மடித்து வைப்பதும் இப்போது நாகரிகம். மாரி மழை பெய்யும் மாதங்களில் இந்தக் கரையோரப் பாதையில் ஒருதடவை போய்ப் பாருங்கள். சில்லு அள்ளி வீசும் சேறு முழுவதும் பின்னால் இருப்பவரின் முதுகில்தான்.

சைலன்சர் சொல்லும் பொய்

எஞ்சினுக்குள் பெற்றோல் எரிந்து வெளியேறும் வாயு சிறு சிறு வெடிப்புகளாக வருகிறது. சைலன்சருக்குள் இருக்கும் அறைகளும் துளையிட்ட குழாய்களும் அந்த வெடிப்பின் வேகத்தை உடைத்து ஓசையைத் தணிக்கின்றன. அந்த உட்பகுதியை வெட்டி எடுத்தால் சத்தம் பெருகும். சத்தம் பெருகினால் வேகமும் கூடிவிட்டது போல மனதுக்குத் தோன்றும். ஆனால் 150 சிசி வண்டி ஒன்றில் இதனால் மட்டும் கிடைக்கும் மேலதிக சக்தி மிகச் சொற்பம். கம்பனி எஞ்சினுக்குப் போகும் காற்றையும் பெற்றோலையும் பழைய சைலன்சரின் கணக்கில்தான் அளந்து வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு பிசகினால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். பெற்றோல் செலவும் கூடலாம்.

சைலன்சருக்கு மேலிருக்கும் சூட்டுத் தகட்டையும் சேர்த்தே கழற்றிவிடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளின் கெண்டைக்காலில் நீங்காத தழும்பு விழுவது இப்படித்தான். இரவு பதினொரு மணிக்கு ஒழுங்கைக்குள் அந்த வண்டி நுழையும்போது திடுக்கிட்டு எழும்பும் கைக்குழந்தையையும், நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் மூத்தம்மாவையும் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

எதிரே வருபவரின் கண்

முன் லைட்டில் ஹலோஜன் பல்ப் எரியும் இடத்தில் கடையில் வாங்கிய எல்.ஈ.டி. பல்பைப் பொருத்துவது அடுத்த மாற்றம். லைட்டுக்குள் இருக்கும் வெள்ளிக் கிண்ணம், பழைய பல்பின் இழை எந்த இடத்தில் ஒளிருமோ அந்த இடத்தைக் கணக்கிட்டு வளைக்கப்பட்டது. வேறு அமைப்பிலான பல்பைப் போட்டால் ஒளி பாதையில் விழாமல் நாலா பக்கமும் சிதறும். ஓட்டுபவருக்கு நல்ல வெளிச்சமாகத் தெரியும். எதிரே சைக்கிளில் வருபவருக்கோ கண் கூசி ஒன்றுமே தெரியாது. இரவில் மாடுகள் படுத்திருக்கும் நம் பிரதான வீதியில் இது எவ்வளவு ஆபத்து என்று எண்ணிப் பாருங்கள். கம்பனியிலிருந்தே எல்.ஈ.டி. விளக்கோடு வரும் வண்டிகளுக்கு இந்தக் குறை இல்லை. அவற்றின் கிண்ணமும் அதற்கேற்ப அமைந்தது.

பல்பின் வற்றைக் கூட்டுவதும் ஆபத்தே. 35 வற் பல்புக்கு 12 வோல்ற்றில் ஏறக்குறைய 3 அம்பியர் மின்சாரம் ஓடும். 100 வற் பல்புக்கு 8 அம்பியருக்கு மேல் தேவை. மெல்லிய வயர் அதைத் தாங்காமல் சூடாகி உருகும். வயர்களை வெறுமனே முறுக்கி டேப் சுற்றிவிட்டால், நம் கடற்காற்றின் உப்பு சில மாதங்களிலேயே அந்த இணைப்பைப் பச்சை பிடிக்க வைத்துவிடும். புதிதாக எந்த மின்சாமான் பூட்டினாலும் அதற்குத் தனியான பியூஸ் இருக்க வேண்டும். கராஜ் பாஸிடம் இந்த ஒரு கேள்வியை நீங்களே கேட்கலாம்.

அகலமான டயர் பிடிமானத்தைக் கூட்டும் என்பதும் அரைகுறை உண்மை. ஒடுக்கமான ரிம்மில் பெரிய டயரைத் திணித்தால் அதன் வடிவம் பிதுங்கி, திரும்பும்போது வண்டி மந்தமாகும். சில வண்டிகளில் செயினிலும் உரசும். சைட் கண்ணாடிகளைக் கழற்றுவது பற்றி விளக்கமே வேண்டாம். வலப்பக்கம் திரும்பும் பிள்ளைக்குப் பின்னால் வரும் பஸ் தெரிய வேண்டாமா?

வேகத்துக்குரிய இடம்

சிலர் மோட்டார் பந்தயத்தை உதாரணம் காட்டுவார்கள். 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வண்டி, ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்தும் ஒரு வினாடிக்குள்ளேயே சுமார் 17 மீற்றர் ஓடிவிடும். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு நிற்கத் தேவைப்படும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். இது யாருடைய திறமைக்கும் வளைந்து கொடுக்காத கணக்கு. 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமியும் உண்டு. பந்தயத்துக்கென்றே அமைத்த திடலில் இப்படியென்றால், பாடசாலை விடும் நேரத்துச் சந்தியில் என்ன ஆகும்?

கொப்பியில் எழுதிய பிறகு கராஜ்

லீசிங்கில் எடுத்த வண்டி என்றால், பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று கம்பனியின் பெயரே இருக்கும். கடைசித் தவணை கட்டும் வரை பிள்ளை வெட்டி மாற்றுவது இன்னொருவரின் பொருளை. எஞ்சினிலும் வயரிங்கிலும் கை வைத்தால் கம்பனியின் உத்தரவாதம் கைவிட்டுப் போகலாம். அறிவிக்காமல் செய்த பெரிய மாற்றம், விபத்து நேர்ந்த நாளில் காப்புறுதிப் பணத்துக்கே சிக்கலாகலாம். வண்டியின் நிறத்தை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துப் பதிய வேண்டும். 2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் அனுமதியின்றிப் பூட்டிய சாமான்களை அகற்றப் பொலிஸார் நடவடிக்கை தொடங்கியபோது, சங்கங்கள் எதிர்த்ததும் பலர் செலவழித்த பணத்தை எண்ணி வருந்தியதும் நினைவிருக்கும்.

எனவே கராஜுக்குப் போகுமுன் பிள்ளையையும் கொப்பியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விரும்பும் மாற்றங்களை ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு கேள்விகள்: இதனால் என்ன நன்மை? என்ன செலவு? பின்னால் இருப்பவருக்கு என்ன நடக்கும்? வேண்டாம் என்றால் பழையபடி பூட்ட முடியுமா?

பணம் செலவாகும் வரிசை இப்படி இருக்கட்டும்.

முதலாவது, இரண்டு நல்ல ஹெல்மட்கள். ஒன்று ஓட்டுபவருக்கு, மற்றது உங்கள் அளவுக்கு. மோட்டார் சைக்கிள் விபத்தில் உயிரிழக்கும் அபாயத்தை ஹெல்மட் சுமார் 40 வீதத்தால் குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஹிஜாபுக்கு மேல் அணியும்போது ஊசிகளைக் கழற்றிவிட்டு மெல்லிய பருத்தித் துணியை இறுக்கிக் கட்டுங்கள். ஊசி ஹெல்மட்டுக்குள் இருக்கக் கூடாது.

இரண்டாவது, கம்பனி சொன்ன அளவிலேயே தரமான டயரும் பிரேக்கும்.

மூன்றாவது, வீட்டுக்கு உதவும் சாமான்கள்: உறுதியான கைபிடி, சாமான் பெட்டி, மெத்தென்ற ஆசனம்.

நான்காவதாக அழகு. ஸ்டிக்கர், ஆசன உறை, பிடிகளுக்கு நிற உறை என்று ஆபத்தில்லாத அலங்காரம் எவ்வளவோ இருக்கிறது. அதில் நாம் தலையிட வேண்டாம். அது பிள்ளையின் பங்கு.

கழற்றிய கம்பனிச் சாமான் எதையும் விற்கவோ வீசவோ விடாதீர்கள். சாக்கில் கட்டிப் பரணில் போட்டு வையுங்கள். வண்டியை விற்கும்போது அதற்கும் ஒரு விலை உண்டு.

நீங்களும் ஏறும்போது அபாயாவின் ஓரத்தையும் ஷோலின் நுனியையும் ஒதுக்கிக் காலுக்கடியிலோ மடியிலோ அமுக்கிக்கொண்ட பிறகே "போ மகன்" என்று சொல்லுங்கள்.

சாய்ந்தமருது வீட்டு உம்மாவும் இப்படித்தான் கொப்பியோடு அமர்ந்தார். மகன் ஏழு மாற்றங்களை எழுதினான். உம்மா சத்தம் போடவில்லை. "இதுல தங்கச்சிய ஏத்திக்கிட்டு டியூஷனுக்குப் போவியா?" என்று மட்டும் கேட்டார். அவன் பேனையால் மூன்றை வெட்டினான். அடுத்த நாள் பரணிலிருந்து சாக்கு இறங்கியது. கைபிடியும் மிதியும் சாரி கார்டும் பழைய இடத்துக்கு வந்தன. பெற்றோல் தாங்கியில் ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. அது வடிவுதான் என்று உம்மாவே சொல்கிறார்.

சைலன்சர் விஷயம் மட்டும் இன்னும் முடியவில்லை. வாப்பா லீவில் வந்ததும் பேசுவதாக வைத்திருக்கிறார்கள்.