ஒளிப்படக் கலைஞரை இணைக்கும் தளம்

உதகைக்கு அருகே தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர் கிளென்மார்கன். அங்கு மூடுபனி விலகும் காட்சியை ஒளிப்படமாக்கிய மாணவர் ஒருவர், அதனைத் தம் பெட்டிக்குள்ளேயே வைத்திருப்பின் காண்பவர் சிலரே. அதனை உலகக் கலைஞர்முன் வைக்க உதவுவன ஒளிப்படப் பகிர்வுத் தளங்கள். அவற்றுள் ஃபிளிக்கர் 2004ஆம் ஆண்டு கனடாவின் வான்கூவரில் தோன்றியது. கணினி விளையாட்டொன்றை உருவாக்க முனைந்தோர் கையில் இஃது உருப்பெற்றது வியப்பே!

படத்தை ஏற்றிவிட்டால் மட்டும் நட்பு வந்துவிடாது. 'கிளென்மார்கன்', 'நீலகிரி', 'மூடுபனி' எனக் குறிச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இடுதல் வேண்டும். தேடுவோர் அவற்றின் வழியே வந்தடைவர். மலைக்காட்சி, பறவை என்றாற்போலப் பொருள்தோறும் குழுக்களும் உள.

எனினும் உறவை வளர்ப்பது பிறர் படத்தை நாம் நின்று நோக்குவதேயாகும். 'அருமை' என்னும் ஒற்றைச் சொல்லால் எவரும் நம்மை நினைவிற் கொள்ளார். "இவ்வெண்பனி எங்ஙனம் வெண்மை குன்றாமல் வந்தது?" என வினவிப் பாருங்கள். கருவியின் ஒளிமானி பனியைச் சாம்பல் நிறமாக்கிவிடும் என்றும், ஒளியளவைச் சற்றே கூட்ட வேண்டும் என்றும் அனுபவமுடையார் விடை பகர்வர். நூலகத்தில் பல நாள் தேடினும் கிட்டாத பாடம் இது. நாம் அறியாத பறவையின் பெயரையும் அவ்வாறே பெறலாம்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. இத்தளத்தில் 2006 முதல் படம் எடுத்த இடத்தை வரைபடத்திற் குறிக்க இயலும். பறவைக் கூட்டின் இருப்பிடத்தை அங்ஙனம் குறித்தால், கூட்டைக் கலைப்போருக்கும் வழிகாட்டியவராவோம். அத்தகைய படங்களுக்கு இடக்குறிப்பைப் பிறர் காணாவண்ணம் மறைத்துவைக்கும் வசதியும் அங்கேயே உண்டு.