இட்லியைக் கடித்துப் பார்க்கும் இயந்திரம்

என் அக்கா மகள் உணவுத் தொழில்நுட்பம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கோடை விடுமுறையில் எட்டு வாரம் ஓர் ஆய்வகத்தில் இன்டர்ன்ஷிப். முதல் வாரம் முடிந்து வீட்டுக்கு வந்தவளிடம் அக்கா கேட்டாள்:

“என்னடி வேல குடுத்தாங்க?”

“இட்லி மெத்துன்னு இருக்கான்னு மெஷின்ல பாக்குறேம்மா.”

“அதுக்கு எதுக்குடி மெஷின்? வெரலால ஒரு அமுக்கு அமுக்குனா தெரியாதா?”

தெரியும். ஆனால் அக்காவின் விரலுக்குத் தெரிந்ததை அடுத்த ஊர்க்காரரின் விரலுக்கு எப்படிச் சொல்வது? பாக்கெட் மாவு விற்பவருக்குப் போன மாத இட்லியும் இந்த மாத இட்லியும் ஒன்றுபோல வந்தனவா என்று தெரிய வேண்டும். புது நெல் ரகம் உருவாக்குபவருக்கு அந்த அரிசி இட்லிக்கு ஆகுமா என்று தெரிய வேண்டும். அதற்கு விரல் சொல்வதை எண்ணாக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் டெக்ஸ்சர் அனலைசர்.

மேசைமேல் வைக்கிற அளவுதான் இருக்கும். நிமிர்ந்த ஒரு தூண், அதிலிருந்து நீளும் ஒரு கை. மோட்டார் சுழற்ற, திருகுத் தண்டின் வழியே அந்தக் கை சீரான வேகத்தில் ஏறி இறங்கும். கையின் நுனியில் உணவுக்கேற்ற ஒரு ‘பல்’லை மாட்டுவார்கள். இட்லிக்குத் தட்டையான வட்டத் தகடு, பழத்துக்கு ஊசி, இறைச்சிக்குக் கத்தி.

சூட்சுமம் அந்தக் கைக்குள் இருக்கிறது. லோட் செல் என்னும் உலோகத் துண்டு அது. அதன்மேல் மிக மெல்லிய கம்பித் தடங்கள் ஒட்டியிருக்கும். தகடு இட்லியை அமுக்கும்போது இட்லி திருப்பித் தள்ளுகிறது. உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. தடங்கள் இழுபட்டு அவற்றின் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கணினி விசையாக மாற்றி, நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை பதிந்துகொள்கிறது. அலகு நியூட்டன். நூறு கிராம் எடைக்கல் உள்ளங்கையில் தரும் விசை ஏறத்தாழ ஒரு நியூட்டன்.

இயந்திரம் இட்லியை இரண்டு முறை ‘கடிக்கும்’. பாதி உயரம்வரை அமுக்கும், மேலே போகும், சில நொடி பொறுத்து மறுபடி அமுக்கும். திரையில் இரண்டு மலைகள் வரைபடமாக விழும். முதல் மலையின் உச்சிதான் கடினம். முதல் அமுக்கலில் இட்லி உள்ளே நொறுங்கிவிட்டதென்றால் இரண்டாவது மலை சிறுத்துவிடும்; இரண்டு மலைகளின் பரப்பையும் ஒப்பிட்டால் உள்ளே எவ்வளவு பிடிப்பு இருக்கிறது என்பது தெரியும். இடைப்பட்ட நேரத்தில் இட்லி எவ்வளவு உயரம் மீண்டெழுந்தது என்பது அதன் மீள்தன்மை. இம்மூன்றையும் பெருக்கினால், மெல்லுவதற்கு எவ்வளவு பாடு என்பதற்கு ஓர் எண். நல்ல இட்லிக்கு உச்சி தாழ்ந்திருக்க வேண்டும், மீள்தன்மை உயர்ந்திருக்க வேண்டும். உச்சி தாழ்ந்து மீள்தன்மையும் தாழ்ந்தால் அது மெத்து இல்லை, கொழகொழ.

இந்தக் ‘கடி’ வெறும் உவமை இல்லை. 1955இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் செய்த ஒரு கருவியில் நிஜமான பல்செட்டையே பொருத்தி, தாடைபோல அசைய வைத்தார்கள். 1963இல் ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனத்தில் அலினா செஸ்னியாக்கும் உடன் பணியாற்றியவர்களும் பற்களை எடுத்துவிட்டு, தாடையின் அசைவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இரண்டு கடி முறை அங்கே உருவானது. 1968இல் மால்கம் பார்ன் அதே முறையை நேர்க்கோட்டில் ஏறி இறங்கும் இயந்திரத்துக்கு மாற்றினார். அவர் சோதித்தது பழுத்து வரும் பேரிக்காய்களை. இன்று இட்லியை அமுக்குவதும் அந்த வழியில்தான்.

முறுக்கு என்றால் கதை வேறு. அதில் இரண்டு மலைகள் வராது. ஒரே அமுக்கலில் ரம்பப் பல்போலப் பல சின்னச் சின்ன உச்சிகள். ஒவ்வோர் உச்சியும் உள்ளே ஒரு சுவர் உடைந்த இடம். ‘மொறுமொறு’ என்று காது கேட்பதும் அந்த உடைவுகளைத்தான். அதனால் சில ஆய்வகங்களில் பக்கத்திலேயே மைக் வைத்துச் சத்தத்தையும் பதிகிறார்கள். மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து வைத்த முறுக்கு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; சுவர்கள் உடையாமல் வளையும்; உச்சிகள் மழுங்கும். நமுத்துப்போனதன் படம் அதுதான்.

நம் பயிற்சி மாணவிக்கு முதல் வாரம் சிக்கல் இட்லியிலேயே வந்தது. ஒரே மாவு, ஒரே கொப்பரை, பதினாறு இட்லி. ஆனால் பதினாறுக்கும் எண்கள் ஏணிபோல ஏறிக்கொண்டே போயின. மாவு சரியாகப் புளிக்கவில்லையோ, இயந்திரம் பழுதோ என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். தெரிந்த எடைக்கல்லை வைத்து இயந்திரத்தைச் சரிபார்த்தாள். அது சரியாகவே காட்டியது. பிறகு நோட்டில் ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் நேரத்தை எழுதிப் பார்த்தபோது பிடிபட்டது. ஓர் இட்லியை வைத்து, அமுக்கி, எடுத்துத் துடைக்க இரண்டு நிமிடம். கடைசி இட்லியின் முறை வரும்போது அரை மணி நேரம் ஆகியிருந்தது.

வேகும்போது நீரைக் குடித்து இளகிய மாவுச்சத்து, ஆறும்போது மறுபடி ஒன்றோடொன்று சேர்ந்து இறுகும். அதிலும் அமைலோஸ் என்னும் கிளையில்லாத சங்கிலிகள் சட்டென்று கைகோத்துக்கொள்ளும். போதாததற்கு மேல்பரப்பு காய்ந்துபோகும். அவள் அளந்தது இட்லியின் மெத்து என்று நினைத்திருந்தாள். இயந்திரம் அளந்தது இட்லி ஆறிய கதையை.

அதன்பின் அவள் வேலையில் பெரும்பகுதி இயந்திரத்துக்கு வெளியே நடந்தது. ஈட்டுக்கு நான்கு இட்லி மட்டும். இறக்கியதும் மூடி வைத்து, எல்லாவற்றையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவருவது. ஓரம் மெலிந்தும் நடு பருத்தும் இருப்பதால் வட்டக் குழாயால் நடுப்பகுதியை மட்டும் வெட்டியெடுப்பது. இவ்வளவும் ஆன பிறகுதான் அமுக்கல்.

அப்போதும் அந்த எண்ணுக்குத் தானாக ஒரு பொருள் கிடையாது. அதே இட்லியை, பழக்கப்படுத்திய சிலர் தனித்தனியே உட்கார்ந்து தின்று மதிப்பெண் போட வேண்டும். அவர்கள் ‘மெத்து’ என்று சொல்வதும் திரையின் வரைபடமும் சேர்ந்து நகர்ந்தால்தான், நாளை ஆளில்லாமல் இயந்திரத்தை மட்டும் நம்பலாம். விரலை விலக்கி வைத்த இடத்தில் நாக்கைத் துணைக்கு அழைத்தாக வேண்டியிருக்கிறது.

எட்டு வாரம் முடிந்து திரும்பியவள் முன் அக்கா தட்டை வைத்தாள். இவள் இட்லியைத் தொடவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“எப்பம்மா எறக்குன?”

“இப்பத்தான். ஆறுறதுக்குள்ள சாப்பிடு.”