வசந்த மழை என்னும் குளிர்ந்த பக்க உணவு

நூடில்ஸ் என்றவுடன் ஆவி பறக்கும் உணவே நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஜப்பானிய இல்லங்களிலோ ஒருவகை மெல்லிய இழையைக் குளிரவைத்து, நமது பச்சடியைப் போலச் சோற்றுக்குப் பக்கத்துணையாகப் பரிமாறுவர். அவ்விழையின் பெயர் 'ஹருசமே'. 'வசந்த மழை' என்பது அதன் பொருள். வெந்தபின் கண்ணாடிபோல் விளங்கும் அதன் தோற்றத்துக்கு இப்பெயர் எத்துணைப் பொருத்தம்!

ஜப்பானில் இதனைப் பெரும்பாலும் கிழங்கு மாப்பொருளால் செய்வர். சீனரோ, நாம் நன்கறிந்த பாசிப்பயற்றின் மாப்பொருளால் செய்வர். பயற்று மாப்பொருளில் அமைலோசு என்னும் கூறு மிகுதி. ஆதலின், வெந்த இழை ஆறியதும் இறுகிக் குழையாது நிற்கும். குளிர்ந்த உணவுக்கு வேண்டிய குணம் அதுவன்றோ?

நால்வருக்கு 50 கிராம் இழை போதும். அதனைக் கொதிநீரில் மூன்று நான்கு நிமிடம் வேகவைத்து, குளிர்நீரில் அலசி, நன்கு வடித்து, விரலளவாக நறுக்குக. ஒரு வெள்ளரிக்காயை மெல்லியதாய் அரிந்து, சிறிது உப்பிட்டுப் பத்து நிமிடம் வைத்துப் பிழிக. கரட் சீவலும், விரும்பினால் மெல்லிய முட்டைப் பொரியலின் கீற்றுகளும் சேர்க்கலாம். வினாகிரி இரண்டு மேசைக்கரண்டி, சோயா சோஸ் ஒன்றரை, சீனி ஒன்று, நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி ஆகியவற்றைக் கலந்து ஊற்றுக. ஜப்பானியர் வறுத்த எள்ளின் எண்ணெயையே சேர்ப்பர். நமது நல்லெண்ணெயில் அம்மணம் குறைவு. எனவே, சிறிது எள்ளை வறுத்து இடித்துத் தூவுதல் நன்று.

முதன்முறை செய்தபோது, நாம் பொறுமையின்றி வெள்ளரிக்காயைப் பிழியாமலே சேர்த்துவிட்டோம். அரைமணி நேரத்தில் பாத்திரம் குளமாயிற்று. சுவையும் நீர்த்துப் போயிற்று. பிள்ளைகள் அதனை 'மாரி மழை' என நகைத்தனர்.

மற்றொன்றையும் மறத்தலாகாது. இவ்வுணவு மீண்டும் அடுப்பேறுவதில்லை. ஆகவே, அலசும் நீர் கொதித்தாறியதாக இருத்தல் வேண்டும். காய்களும் கைகளும் தூயனவாதல் வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், செய்த இரண்டு மணி நேரத்துள் உண்டுவிடுதல் நலம். சூடான கறியில் நேரும் சிறு கவனக்குறைவைச் சிலவேளை தீ திருத்திவிடும். குளிர்ந்த உணவில் அதனைத் திருத்துவார் எவருமிலர். இங்கே அடுப்பின் வேலை சிறிது. கையின் கவனமே பெரிது.