பை எண்ணைக் குறித்து வையுங்கள்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடியின் படைத்துறைத் தொழிற்சாலைகளைச் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும் இரத்த தான முகாம் என்று ஒரு பேனர் கட்டிவிட்டால், அது தலைவர் ஒருவரின் பிறந்த நாளானாலும் சரி, தொழிற்சங்கத்தின் ஆண்டு விழாவானாலும் சரி, கையை நீட்டிப் படுத்துக்கொள்ள வாலிபர்களுக்குப் பஞ்சம் இருப்பதில்லை. ஆனால் அந்த வாலிபனின் வீட்டிலேயே மனைவிக்குப் பிரசவத்திலோ தகப்பனாருக்கு விபத்திலோ இரத்தம் ஏற்ற வேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டால், "வெளி இரத்தம் வேண்டாம் டாக்டர், எங்க சொந்தக்காரங்ககிட்டயே எடுத்துக்குங்க" என்று அவனே மன்றாடுவதையும் காண்கிறோம். இந்த அச்சத்தை அறியாமை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவது நியாயமன்று. அதற்குரிய காரணம் நம் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது.

2018 டிசம்பர் 3ஆம் தேதி, விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில், சோகை கண்டிருந்த ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்ட இரத்தம் எச்.ஐ.வி. கிருமி கலந்ததாயிருந்தது. சிவகாசி அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியிலிருந்து, உரிய பரிசோதனையில் தேறியதாகவே அது வந்திருந்தது. உண்மையை வெளிப்படுத்தியவர் அதிகாரி அல்லர். இரத்தம் கொடுத்த அந்த இளைஞரேதான். வெளிநாட்டு வேலைக்காகச் செய்துகொண்ட பரிசோதனையில் தமக்குத் தொற்று இருப்பதை அறிந்தவுடன், தாம் கொடுத்த இரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிட வேண்டாம் என்று அவரே இரத்த வங்கிக்குச் சொன்னார், அதற்குள் ஏற்றியாகிவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவர் இரத்தம் கொடுத்தபோதே தொற்று தென்பட்டிருந்தும், அச்செய்தி அவரிடம் போய்ச் சேரவில்லை என்பதும் பின்னர் வெளிவந்தது. மனம் உடைந்த அவர் அந்த டிசம்பர் முடிவதற்குள் உயிர் நீத்தார். நேர்மையாக நடந்துகொண்ட ஒருவர் அவர் என்பதை நாம் போதிய அளவு நினைத்துப் பார்க்கவில்லை என்பது என் அபிப்பிராயம். அந்தப் பெண்ணுக்கு உடனே கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கப்பட்டது. 2019 ஜனவரியில் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பின்னர் உறுதியாயிற்று. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 25 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

அதே நாட்களில் நம் பூந்தமல்லியை அடுத்த மாங்காட்டைச் சேர்ந்த இன்னொரு பெண்ணும், கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் ஏற்றிய இரத்தத்தால் தமக்குத் தொற்று வந்ததாகப் புகார் கூறினார். மருத்துவமனைத் தரப்பு அதை மறுத்தது. யார் சொன்னது சரி என்று இங்கே தீர்ப்பளிக்க நான் வரவில்லை. இப்படிப்பட்ட வழக்குகளெல்லாம் கடைசியில் ஏடுகளையும் எண்களையும் வைத்தே முடிவாகின்றன. அவை நோயாளியின் கையில் பெரும்பாலும் இருப்பதில்லை.

சட்டம் மனித இரத்தத்தை மருந்தாகவே பாவிக்கிறது. உரிமம் பெறாத இடத்தில் அதைச் சேகரிக்கவோ வழங்கவோ கூடாது; ஒவ்வொரு பையும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, மஞ்சள் காமாலை சி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதிக்கப்பட்டிருக்க வேண்டும். காசுக்கு இரத்தம் விற்றுப் பிழைக்கும் வழக்கம், உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் அளித்த தீர்ப்பின் விளைவாக, 1998 முதல் முற்றும் தடைசெய்யப்பட்டது. ஆதலால் இன்று தனியார் இரத்த மையம் வாங்குவது பரிசோதனைக்கும் பதப்படுத்தலுக்குமான கட்டணமே தவிர இரத்தத்தின் விலை அன்று. தலசீமியா, ஹீமோபிலியா நோயாளிகளிடம், ஏற்றும் இரத்தத்துக்கு ஈடாக உறவினர் எவரேனும் இரத்தம் கொடுக்க வேண்டும் என்று கேட்பதும் முறையன்று.

அப்படியானால் ஆபத்து முற்றும் நீங்கிவிட்டதா என்றால், இல்லை. கிருமி உடலில் புகுந்த நாளுக்கும் சோதனையில் அது தென்படும் நாளுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. வைத்தியர்கள் 'விண்டோ பீரியட்' என்று சொல்லும் அந்தக் காலம், பழைய முறைச் சோதனைகளில் மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை நீளும். 'நாட்' என்னும் பரிசோதனை கிருமியின் மரபுப் பொருளையே தேடுவதால் எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை அந்த இடைவெளி ஏறக்குறைய பத்து நாட்களாகச் சுருங்குகிறது. ஆயினும் எல்லா இரத்த மையங்களிலும் அந்த வசதி இல்லை. "நாட் டெஸ்ட் செய்ததா?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அன்று.

சொந்தக்காரரின் இரத்தமே பத்திரம் என்ற எண்ணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வார்டு வாசலில் மாமனாரும் மைத்துனரும் சூழ்ந்து நிற்கையில், தன் அந்தரங்கத்தைச் சொல்லி விலகிக்கொள்ளும் தைரியம் எத்தனை பேருக்கு இருக்கும்? வெட்கத்தால் மௌனமாகக் கையை நீட்டுபவனைவிட, யாருடைய நிர்ப்பந்தமும் இல்லாமல் தவறாது வந்து கொடுத்துப் போகும் தன்னார்வக் கொடையாளரின் இரத்தமே அதிக நம்பிக்கைக்குரியது. நெருங்கிய இரத்த சம்பந்தமுடையவரின் இரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தாமல் ஏற்றினால், அரிதாயினும் உயிருக்கே உலை வைக்கும் எதிர்விளைவு நேரக்கூடும் என்பது மருத்துவம் அறிந்த விஷயம்.

இனி, படுக்கையருகே கவனிக்க வேண்டியது. நள்ளிரவில் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து "ரெண்டு யூனிட் வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பப்படும் மனிதர், ஆவடியிலிருந்து கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்கோ ஸ்டான்லி மருத்துவமனைக்கோ ஆட்டோவில் விரைந்து, ஐஸ் பெட்டியுடன் திரும்பும் அவசரத்தில் பையின் லேபிளைப் படிப்பதில்லை. ஆனால் அதில் எல்லாம் இருக்கிறது: பை எண், இரத்த வகை, எடுத்த தேதி, காலாவதித் தேதி, பரிசோதனை முடிவு. லேபிளின் நிறமே ஒரு சாட்சி. ஓ வகைக்கு நீலம், ஏ வகைக்கு மஞ்சள், பி வகைக்கு இளஞ்சிவப்பு, ஏபி வகைக்கு வெள்ளை. ஜனங்கள் எச்.ஐ.வி.யை நினைத்து நடுங்குகிறார்கள். அடுத்த கட்டிலுக்குரிய பையைத் தவறாக மாட்டிவிடும் கவனப்பிசகோ சில நிமிடங்களிலேயே ஆளை வீழ்த்திவிட வல்லது. செவிலியர் பையில் உள்ள பெயரையும் நோயாளியின் பெயரையும் ஒத்துப் பார்க்கும்போது நீங்களும் உடன் நின்று பாருங்கள். முதல் பதினைந்து நிமிடம் விட்டு அகலாதீர்கள். குளிர் நடுக்கம், காய்ச்சல், தடிப்பு, முதுகுவலி, மூச்சுத் திணறல் எதுவானாலும் உடனே சொல்லி ஏற்றுவதை நிறுத்தச் செய்யுங்கள். பை சில்லென்று இருக்கிறதே என்று வெந்நீரில் வைத்துச் சூடேற்றுவது ஒருபோதும் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். செல்போனில் லேபிளைப் படம் எடுத்தாலும் போதும். இரத்தம் வழங்கப்பட்ட பிறகு ஏழு நாட்கள் வரையே கொடையாளரின் மாதிரியையும் நோயாளியின் மாதிரியையும் இரத்த மையம் பாதுகாத்து வைக்கக் கடமைப்பட்டது. ஏடுகளை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும். அந்த ஏட்டில் உங்கள் வரியைக் கண்டுபிடிக்கும் சாவி பை எண்தான். மருத்துவமனையின் சிகிச்சைப் பதிவேட்டு நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. கர்ப்ப காலத்தில் எடுத்த எச்.ஐ.வி. சோதனைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். முன்பு தொற்று இல்லை என்பதற்கு அதுவே ஆதாரம்.

தொற்றுள்ள இரத்தம் ஏறிவிட்டது என்று உடனே தெரிந்தால், 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க அரசு மருத்துவமனையை நாட வேண்டும். 1097 என்னும் இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். கட்டணம் வாங்கிய மருத்துவமனையாயின் இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம் என்பதால், ஆவடிக்காரர் திருவள்ளூர் மாவட்ட ஆணையத்துக்குப் போனால் போதும். முற்றும் இலவசச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனையாயின் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு ஒரு வழி. ஏழைகளுக்கு வழக்கறிஞரை இலவசமாக அமர்த்திக் கொடுக்கச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 2002இல் இராணுவ மருத்துவமனையில் ஏற்றிய இரத்தத்தால் தொற்றடைந்த விமானப்படை வீரர் ஒருவருக்கு, 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு அளித்தது. இருபது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த நியாயம் அது. தொற்று வந்தவரை வேலையிலிருந்தோ வாடகை வீட்டிலிருந்தோ அக்காரணத்துக்காக நீக்குவதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது, அச்சட்டம் 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது.