பாக் விரிகுடாவின் ஆழம் குறைந்த கரைக்கடலுக்குப் பயன்படுத்திய கண்ணாடியிழைப் படகைத் தேர்ந்தெடுத்தல்

ஆய்வுச் சுருக்கம்

பாக் விரிகுடாவின் கரையோரத்தில் சிறு அளவில் மீன்பிடிப்போர் புதிய படகு வாங்கப் பொருள்வசதி இல்லாதபோது, பிறர் பயன்படுத்திய கண்ணாடியிழைப் படகை வாங்குகின்றனர். நீளம், எந்திரத்தின் குதிரைத்திறன், விலை ஆகிய மூன்றும் எளிதில் கண்ணுக்குப் படுவன. ஆயினும் ஆழம் குறைந்த கடலில் படகின் பயனை முடிவு செய்பவை வேறு நான்கு: படகு அமிழும் ஆழம், அடிப்பகுதியின் உறுதி, மிதவைத்திறன், சுழல்விசிறியைத் தூக்கும் வசதி. இந்நான்கையும் சோதிக்கும் முறையினையும், சோதனை எவ்வரிசையில் அமைய வேண்டும் என்பதனையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பாக் விரிகுடா, நாட்டுப்படகு, கண்ணாடியிழை, மிதப்பாழம், கடற்புல், கரைக்கடல் மீன்பிடிப்பு.

1. முன்னுரை

தமிழகக் கடற்கரையின் மரபான மீன்பிடிக் கலங்கள் மரத்தால் ஆனவை. கட்டுமரம், வள்ளம், வத்தை என்னும் பெயர்கள் அந்தந்தக் கடலுக்கு ஏற்ற வடிவங்களைக் குறித்தன. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவில் வழங்கப்பட்டன. குறுகிய காலத்தில் பல கட்டுமிடங்களில் அவை உருவானமையால் அவற்றின் தரம் ஒரே சீராக அமையவில்லை. மீனவர் பேச்சில் ‘பைபர் படகு’ எனப்படும் இவ்வகைக் கலமே இன்று கைமாற்று விற்பனையில் மிகுதியாகக் கிடைக்கிறது.

மரப்படகின் குறை பெரும்பாலும் வெளியே தெரியும். பலகை உளுத்தால் கத்திமுனை இறங்கும். கண்ணாடியிழைப் படகின் குறை வண்ணப்பூச்சுக்குக் கீழே மறைந்திருக்கும். ஆகவே மரத்தைப் பார்த்துப் பழகிய கண் இங்குப் போதாது. வேறு சோதனைகள் தேவைப்படுகின்றன.

2. கடலின் இயல்பே முதல் அளவுகோல்

பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைவான ஆழமுடையது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளில் சேற்றுத்தரை நெடுந்தொலைவு தாழ்வாகச் செல்கிறது. ஏற்றத்திற்கும் வற்றுக்கும் இடையிலான வேறுபாடு 1 மீட்டருக்கும் குறைவே. எனினும் முழங்காலளவு நீருள்ள இடத்தில் அவ்வேறுபாடு படகு மிதப்பதையும் தரைதட்டுவதையும் முடிவு செய்துவிடும். இராமேசுவரம் பகுதியில் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்லும் வழக்கு உண்டு. அமைதியானதாகக் கருதப்படும் இப்பெண்கடலும் வாடைக்காற்றுக் காலத்தில் கொந்தளிக்கும். ஆழம் குறைவாதலால் அப்போது எழும் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும், ஒன்றையொன்று நெருங்கியும் வரும்.

எனவே வாங்குவோர் படகைக் காணுமுன் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும். படகு கட்டும் இடத்தில் வற்றின்போது எவ்வளவு நீர் இருக்கும்? வலை விரிக்கும் இடம் எத்தனை பாகம் ஆழம்? வாடைக்காலத்திலும் தொழிலுக்குப் போக வேண்டுமா? இவ்விடைகள் இல்லாமல் ஒரு படகை நல்லது என்றோ தீயது என்றோ சொல்ல இயலாது. மன்னார் வளைகுடாவின் அலைக்கு ஏற்ற ஆழ்ந்த அடிப்பகுதியுள்ள படகு, மல்லிப்பட்டினம் போன்ற சேற்றுக்கரையில் பாதி நாளைத் தரையிலேயே கழிக்க நேரலாம்.

3. அமிழும் ஆழமும் தேவைப்படும் ஆழமும்

படகின் அடிப்பகுதி ‘வி’ வடிவில் கூர்மையாக இருந்தால் அலையை வெட்டிச் செல்லும். ஆனால் ஆழமாக அமிழும். தட்டையாக இருந்தால் குறைந்த நீரில் மிதக்கும். ஆனால் குட்டை அலைகளில் அடிபட்டு ஆளையும் படகையும் உலுக்கும். பாக் விரிகுடாவிற்கு அணியத்தில் கூர்மையும், அமரம் நோக்கிச் செல்லச்செல்லத் தட்டையும் கொண்ட இடைநிலை வடிவம் பொருந்தும்.

விற்பவர் சொல்லும் அமிழும் ஆழம் பெரும்பாலும் வெறும் படகினுடையது. சுமையேற்றினால் எவ்வளவு அமிழும் என்பதை எளிய கணக்கால் அறியலாம். நீர்மட்டத்தில் 7 மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் அகலமும் உள்ள ஒரு படகை எடுத்துக்கொள்வோம். முனை குறுகுவதால் அதன் நீர்மட்டப் பரப்பு, செவ்வகப் பரப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு எனலாம். அது சுமார் 8.8 சதுர மீட்டர். கடல்நீர் ஒரு கன மீட்டர் சுமார் 1025 கிலோ எடையுடையது. ஆதலால் இப்படகு மேலும் 1 செ.மீ. அமிழ ஏறத்தாழ 90 கிலோ சுமை தேவை. நான்கு பேர், வலை, பனிக்கட்டி, மீன் என 630 கிலோ ஏறினால் 7 செ.மீ. கூடுதலாக அமிழும். வெறும் படகு 20 செ.மீ. அமிழ்ந்தால் சுமையோடு அது 27 செ.மீ. ஆகும்.

ஆனால் படகின் அடியைவிடத் தாழ்ந்து நிற்பது சுழல்விசிறி. வெளிப்பொருத்து எந்திரத்தின் விசிறியும் அதைக் காக்கும் தகடும் அடிப்பகுதிக்குக் கீழே 25 செ.மீ. இறங்கியிருந்தால், மேற்கண்ட படகுக்கு அரை மீட்டருக்கு மேல் நீர் வேண்டும். மேலும், விசையைக் கூட்டிப் புறப்படும் கணத்தில் அமரம் கீழே அழுந்தும். அப்போது தேவைப்படும் ஆழம், சீராக ஓடும்போது தேவைப்படுவதைவிட மிகுதி. ஆகவே ‘எவ்வளவு நீரில் மிதக்கும்’ என்று கேட்பதோடு ‘எவ்வளவு நீரில் புறப்படும்’ என்றும் கேட்க வேண்டும்.

4. உடற்பகுதியைச் சோதித்தல்

4.1 அடிப்பகுதி. சேற்றிலும் மணலிலும் இழுபடும் படகின் தேய்மானம் ஏராவிலும் அதனை ஒட்டிய பகுதியிலும் முதலில் தெரியும். மேற்பூச்சு தேய்ந்து இழை வெளிப்பட்ட இடத்தில் நீர் இழையின் வழியே உள்ளே ஊறும். எனவே படகைக் கரையேற்றி, ஒருபுறம் சாய்த்து, அடிப்பகுதி முழுவதையும் பார்க்க வேண்டும். நீரில் நிற்கும் படகை மேலே நின்று பார்த்து விலை பேசுதல் தகாது.

4.2 தட்டிப் பார்த்தல். சிறு மரச்சுத்தியல் அல்லது நாணயத்தால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிச்செல்லும்போது உறுதியான பகுதி கணீரென ஒலிக்கும். இழை அடுக்குகள் பிரிந்த இடமும், உள்ளிருக்கும் மரம் உளுத்த இடமும் மந்தமாக ஒலிக்கும். ஒலி மாறும் எல்லையைச் சுண்ணாம்புக்கட்டியால் குறித்துக்கொண்டால் பழுதின் பரப்பு தெளிவாகும். உள்ளங்கையளவு பழுதைச் சரிசெய்யலாம். ஏராவின் குறுக்கே நீளும் பழுது படகின் உயிர்நிலையைத் தொட்டது.

4.3 வெடிப்புகள். மேற்பூச்சில் மட்டும் காணும் மெல்லிய கோடுகள் வெயிலாலும் வரலாம். ஒரு புள்ளியிலிருந்து சிலந்திவலை போல் விரியும் வெடிப்பு, அவ்விடத்தில் மோதல் நேர்ந்ததைக் காட்டும். வங்குகளின் ஓரமாகச் செல்லும் நேர்க்கோட்டு வெடிப்பு, அடிப்பகுதி அலையடியில் வளைந்து வளைந்து களைத்ததைக் காட்டும். இதுவே மிகவும் அஞ்சத்தக்கது. உட்புறம் வண்ணம் பூசப்படாதிருந்தால், இருட்டிய பின் வெளியிலிருந்து விளக்கைப் பிடித்து உள்ளே நின்று பார்க்கலாம். காற்றுக்குமிழிகளும் ஒட்டுப்போட்ட இடங்களும் நிழல்வேறுபாட்டால் தெரியும்.

4.4 எந்திரம் தாங்கும் பின்பலகை. வெளிப்பொருத்து எந்திரத்தைத் தாங்கும் பின்பலகையினுள் பல படகுகளில் ஒட்டுப்பலகை வைக்கப்பட்டிருக்கும். திருகாணித் துளைகளின் வழியே நீர் புகுந்தால் அது உள்ளேயே அழுகும். எந்திரத்தைச் சாய்த்து வைத்து அதன் கீழ்ப்பகுதியை அழுத்தும்போது பின்பலகை அசைந்தாலோ, திருகாணியைக் கழற்றும்போது கரிய நீர் கசிந்தாலோ பலகையை மாற்றியாக வேண்டும்.

4.5 புயற்பழுது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலால் நாகப்பட்டினம், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளில் பல படகுகள் சேதமடைந்தன. அதற்கு முன் கட்டப்பட்ட படகாயின் அப்புயலில் அதற்கு என்ன நேர்ந்தது என்று கேட்பது இயல்பான வினாவே. நன்கு செய்த ஒட்டு குறையாகாது. மறைத்த ஒட்டே குறையாகும்.

5. மிதவைத்திறன்

இக்கலமாற்றம் கொண்டுவந்த பெரிய வேறுபாடு இங்கேதான் உள்ளது. கட்டுமரம் கவிழ்ந்தாலும் மிதக்கும். பற்றிக்கொள்ள மரம் இருக்கும். கண்ணாடியிழையோ நீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. நீர் நிரம்பினால், 500 கிலோ கண்ணாடியிழை கடலுக்குள் சுமார் 160 கிலோ எடையோடு கீழ்நோக்கி இழுக்கும். எந்திரத்தின் எடை அதனோடு சேரும். இதனை ஈடுசெய்வது படகின் அறைகளில் அடைக்கப்பட்ட நுரைப்பொருள். அது இல்லாத படகு நீர் நிரம்பியதும் மூழ்கும்.

நுரை இருந்தால் மட்டும் போதாது. அது நீர் ஊறாமலும் இருக்க வேண்டும். நீர் ஊறிய நுரை மிதக்க வைப்பதற்கு மாறாகச் சுமையாகிறது. வெறும் படகை அமைதியான நீரில் மிதக்கவிட்டு, பழைய நீர்மட்டக் கறைக்கோட்டோடு இன்றைய நீர்மட்டத்தை ஒப்பிட்டால் இது புலப்படும். முன்னைய கணக்கின்படி வெறும் படகு 3 செ.மீ. கூடுதலாக அமிழ்ந்தால் எங்கோ 270 கிலோ அளவில் எடை ஏறியிருக்கிறது. புதிய எந்திரமோ மேல்தளமோ அதற்குக் காரணமாக இல்லையெனில், நுரை அறையின் தாழ்ந்த இடத்தில் சிறு துளையிட்டுப் பார்க்க வேண்டும்.

6. எந்திரமும் கடற்புல்லும்

எந்திரத்தைக் குளிர்ந்த நிலையில் இயக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். முன்பே சூடேற்றி வைத்த எந்திரம் தன் குறையை மறைக்கும். பற்சக்கரப் பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது. கடல்நீரால் குளிரும் எந்திரத்தில், சேற்றுநீரை உறிஞ்சிய நீரேற்றி விரைவில் தேயும்; குளிர்நீர் வெளியேறும் தாரை மெலிந்திருந்தால் அதனை ஆராய வேண்டும். நீண்ட தண்டின் முனையில் விசிறி அமைந்த லாங் டெயில் எந்திரத்தில் தண்டைக் கையாலேயே உயர்த்தலாம். ஆழம் குறைந்த நீரில் இது பெரும் வசதி. வேகம் குறைவு என்பதற்காக மட்டும் இதனை ஒதுக்க வேண்டியதில்லை.

விசிறியைத் தூக்கும் வசதி படகுக்கு மட்டும் உரிய செய்தியன்று. பாக் விரிகுடாவின் கடற்புல் படுகைகள் நண்டும் இறாலும் மீன்குஞ்சும் வளரும் இடங்கள். ஆவுளியா எனப்படும் கடற்பசுவின் மேய்ச்சல் நிலமும் அவையே. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. தாழ்ந்த விசிறி புல்லின் வேர்த்தண்டை அறுத்தால் அவ்விடம் மீள நெடுங்காலம் ஆகும். அறுபட்ட புல் விசிறியில் சுற்றி எந்திரத்தையும் நிறுத்தும். இவ்வகையில் மீனவரின் நலமும் புல்லின் நலமும் ஒன்றே.

7. ஆவணமும் எல்லையும்

படகின் பதிவெண் மீன்வளத் துறைப் பதிவோடும், எந்திர எண் கொள்முதல் பட்டியலோடும் ஒத்திருக்க வேண்டும். மானியத்தில் பெற்ற படகாயின் விற்பதற்குத் தடை உண்டா என்பதை அலுவலகத்தில் கேட்டறிதல் நன்று. பெயர்மாற்றம் முடியாத படகின் உரிமையாளருக்கு எரிபொருள் சலுகையும் இடர்நிவாரணமும் கிடைப்பதில் சிக்கல் நேரும்.

1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கரையை ஒட்டிய கடற்பரப்பில் விசைப்படகுகள் மீன்பிடிக்கலாகாது. நாட்டுப்படகுக்குரிய அப்பரப்பே இங்குப் பேசப்படும் படகின் களம். 1974ஆம் ஆண்டு இந்திய – இலங்கை ஒப்பந்தம் வகுத்த எல்லைக்கோடும் இக்குறுகிய கடலில் தொலைவில் இல்லை. எந்திரம் நின்ற படகைக் காற்றும் நீரோட்டமும் அக்கோட்டிற்கு அப்பால் கொண்டுசெல்லக்கூடும். நம்பத்தகுந்த எந்திரம், நங்கூரம், துடுப்பு ஆகியவை இக்கடலில் பாதுகாப்போடு விடுதலையையும் காப்பன.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் சோதனையின் வரிசை தெளிவாகிறது: முதலில் கடல், அடுத்து அமிழும் ஆழம், பின்னர் உடற்பகுதி, மிதவை, எந்திரம், ஆவணம், இறுதியில் விலை. எந்திரத்தை மாற்றலாம், பின்பலகையையும் மாற்றலாம். அடிப்பகுதியின் வடிவத்தை மாற்ற இயலாது. ஆதலால் பழுதில்லாத பொருந்தா வடிவத்தைவிட, சரிசெய்யத்தக்க பழுதுள்ள பொருந்திய வடிவமே ஏற்கத்தக்கது. பழுதுநீக்கச் செலவை விலையோடு கூட்டியே படகின் உண்மை விலையைக் கணக்கிட வேண்டும்.

படகு வாங்க வியாபாரியிடம் முன்பணம் பெறுவோர், பிடித்த மீனை அவருக்கே தரும் கட்டுக்குள் வருகின்றனர். பொருந்தாத படகு தரைதட்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் அக்கட்டை நீட்டிக்கிறது. இரண்டு வற்றுக்காலங்களில் கரைக்குச் சென்று நீரை அளப்பதற்கும், ஒரு பகல் படகைச் சாய்த்துப் பார்ப்பதற்கும் செலவாகும் நேரம், பல ஆண்டுக் கடனோடு ஒப்பிடுகையில் மிகச் சிறிது.